மணிமொழிக்கு ஒரு பழக்கம்

மார்ச் 3, திங்கள்

கிரைண்டர் மறுபடி மக்கர் பண்ணுகிறது. மாவுக்காக எதிர்வீட்டில் போய் நிற்க எனக்குப் பிடிக்காது. அரை மணி நேரம் வம்பு கேட்டால்தான் ஒரு பாத்திரம் மாவு கிடைக்கும். காலையில் ரவா உப்புமா. ஒருத்திக்குச் சமைக்க இதுவே அதிகம்.

ரைஸ்மில் செழியன் போன் பண்ணினார். அவர் மனைவி மணிமொழி போன மாதம் மொட்டை மாடியிலிருந்து விழுந்து இறந்தது ஊருக்கே தெரியும். வருகிற ஞாயிறு படத்திறப்பு வைத்திருக்கிறார்களாம். நான் தொகுத்து வழங்கி, நானே ஒரு பத்து நிமிஷம் இரங்கலுரையும் பேச வேண்டுமாம். தாத்தா காலத்திலிருந்து கறுப்புச் சட்டைக் குடும்பம். ஐயர் கிடையாது, திதி கிடையாது. படத்தைத் திறப்பார்கள், நாலு பேர் பேசுவார்கள், சாப்பாடு போடுவார்கள். எனக்கும் அதுதான் வசதி.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அதனால் வழக்கம்போலக் கேட்டேன், மேடம் எப்படி இருப்பாங்க என்று. அமைதியானவ என்றார். அப்புறம்? நல்லவ. ஆறு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணின மனுஷனுக்குப் பெண்டாட்டியைப் பற்றி ரெண்டே வார்த்தைதான் தேறுகிறது. பிடித்த சாப்பாடு என்ன, கோபம் வந்தால் என்ன செய்வாங்க, எதற்கும் பதில் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. போனை வைக்கப்போகும்போது அவரே சொன்னார்.

“காலங்காத்தால மாடிக்கு எதுக்குப் போனான்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க மேடம். நீங்க பேசறப்ப அதுக்கும் ஒரு முடிவு வர்ற மாதிரி பாத்துக்குங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும்.”

பாராட்டுத்தானே, சந்தோஷமாக வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். சனி ஞாயிறு மேடைப்பேச்சு வகுப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளுக்கும் நான் கரடியாகக் கத்துவது இதைத்தான்: பெரிய குணத்தைச் சொன்னால் ஒருத்தரும் அழமாட்டார்கள். ‘அன்பானவர், பண்பானவர்’ என்று மைக்கில் ஆரம்பித்தால் பின்வரிசை செல்போனை எடுத்துவிடும். ஒரு சின்னப் பழக்கத்தைச் சொல்லு. வெளியே கிளம்பும்போது பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பாரே, அதைச் சொல்லு. செத்தவர் எழுந்து வந்து முன்னால் நிற்பார்.

மணிமொழிக்கு அப்படி ஒரு பழக்கத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே ஒன்று வைத்துவிட வேண்டியதுதான். மேடைத் தொழிலில் இதெல்லாம் சகஜம். யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 9, ஞாயிறு

கூட்டம் நல்ல கூட்டம். மண்டபத்தில் மின்விசிறி சத்தம்தான் மைக்கோடு சண்டை போட்டது. நான் எப்போதும் ஒரே ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்வேன். நூறு பேரைப் பார்த்துப் பேசினால் யாரிடமும் பேசின மாதிரி இருக்காது. இன்றைக்கு ரெண்டாவது வரிசையில் மணிமொழியின் அம்மா தையல்நாயகி. அந்த அம்மாள் அழவில்லை. காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவரை அழவைத்தால் மண்டபமே அழும் என்று தெரிந்துவிட்டது.

சொன்னேன்: “மணிமொழிக்கு ஒரு பழக்கம். காலையில எந்திரிச்சு, தன் வாயில ஒரு பருக்கை படறதுக்கு முன்னாடி, ஒரு கைப்பிடி சோறு எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவாங்க. முன்னோருக்கு இல்ல. சாமிக்கு இல்ல. காக்காய்க்குப் பசிக்குமேன்னு.”

அங்கே நிறுத்தினேன். மனசுக்குள் மூணு எண்ணினேன். நிறுத்தத் தெரியாதவனுக்குப் பேசவே தெரியாது. அந்த அமைதியில் தையல்நாயகி அம்மாள் என்னையே பார்த்தபடி லேசாகத் தலையாட்ட ஆரம்பித்தார்.

“அன்னைக்கும் அதுக்குத்தான் போனாங்க.”

இந்தக் கடைசி வரி குறிப்பில் இல்லை. வாயில் தானாக வந்தது.

மண்டபம் உடைந்து அழுதது. அதுவரை கைகட்டி நின்ற செழியனும் கர்ச்சீப்பை எடுத்தார். கீழே இறங்கியதும் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அதேதான் மேடம், அதேதான் என்றார். அவருடைய அஞ்சு வயசுப் பெண் யாழினி படத்துக்குக் கீழே உட்கார்ந்து மாலையிலிருந்து ரோஜா இதழ் பிய்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டில் வத்தக்குழம்பு பிரமாதம்.

மார்ச் 12, புதன்

கையைப் பிடிக்கிற ஜாக்கெட்டைப் பிரிக்க டைலர் கற்பகத்திடம் போனேன். அவள் கடை செழியன் வீட்டுக்கு நேர் எதிரே. மணிமொழியைத் தினமும் பார்ப்பாளாம், காலையில் கடை திறக்கும்போது மாடியில் நின்று காக்காய்க்குச் சோறு வைக்குமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா அடித்துவிட்டது பலித்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரே குஷி. இத்தனை வருஷ அனுபவம் வீண்போகவில்லை.

கற்பகம் தொடர்ந்தாள். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசினாள். “முன்னோருக்கு இல்ல, சாமிக்கு இல்ல, காக்காய்க்குப் பசிக்குமேன்னு.” அப்புறம் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். நான் காத்திருந்தேன். மூணு. “அன்னைக்கும் அதுக்குத்தான் போச்சு.”

அந்த நிறுத்தம் என்னுடையது. இழுத்த அளவுகூட அதேதான். நீ படத்திறப்புக்கு வந்திருந்தாயா என்று கேட்டேன். இல்லக்கா, மாமியாருக்கு உடம்பு முடியல, வரல என்றாள். யாராவது சொல்லிக் கேட்டியா என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் பாத்தேங்கறேன், யார் சொல்லணும் என்றாள்.

ஜாக்கெட் வெள்ளிக்கிழமை தருவாளாம்.

மார்ச் 13, வியாழன்

பால்காரரும் பார்த்திருக்கிறார். எவர்சில்வர் தட்டாம், ஒரு ஓரம் நசுங்கியிருக்குமாம். நான் தட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

மார்ச் 15, சனி

வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது ஒரு பெண் வந்தது. மணிமொழியின் தங்கை தேன்மொழி. திருவாரூரில் மருந்துக்கடையில் வேலையாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காக்காய் விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னது என்று எடுத்த எடுப்பில் கேட்டது.

வீட்டில் சொன்னார்கள் என்றேன். பொய்தான். ஆனால் அந்தப் பெண் நின்ற தோரணை அப்படி.

அக்காவுக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றுமாம். துணி காயப்போடக்கூட வேலைக்காரியைத்தான் அனுப்புமாம். பொங்கலுக்கு வந்திருந்தபோது ரெண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி கன்றிப்போயிருந்ததாம். கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டதாம். சம்பவத்தன்று தான் மில்லில் இருந்ததாகவும், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததாகவும் செழியன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் கோட்டாட்சியர் விசாரணை இருக்கிறது, வியாழக்கிழமை.

“விபத்துன்னு முடிச்சுட்டா யாழினி அந்த வீட்டுலயேதான் வளரணும். உங்க பேச்சுக்கு முன்னாடி நாலு பேராவது, இந்தாளு எங்க இருந்தாருன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க மேடம். இப்ப ஒருத்தரும் கேக்கறதில்ல. எல்லாரும் காக்காயப் பத்தியே பேசறாங்க.”

அது போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. ஒரு இரங்கலுரை பேசினால் அதற்கு வாக்குமூலம் வேறு கொடுக்க வேண்டுமா? டீ போட்டுவிட்டுக் குடிக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மனசு கேட்கவில்லை. வகுப்பை ரத்து பண்ணிவிட்டுத் தையல்நாயகி அம்மாளைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் போகும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். நேராகச் சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது.

சொல்லியும்விட்டேன். அது நான் கட்டின கதை, உங்க பெண்ணை எனக்குத் தெரியவே தெரியாது என்று.

அந்த அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. மணிமொழி சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தானாம். மூணாங்கிளாஸ் படிக்கும்போது மதியச் சோற்றைக் காக்காய்க்குப் போட்டுவிட்டுப் பட்டினியாக வருமாம். ஒரு காக்காய்க்குக் காலில் அடிபட்டு, அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டதாம். மரத்தின் பெயர் உட்படச் சொன்னார். தேன்மொழி சமையலறை வாசலில் நின்று, அப்படி ஒண்ணும் நடக்கலம்மா என்றது. நீ அப்ப கைப்பிள்ளை, உனக்கென்ன தெரியும் என்றுவிட்டார்.

எதை எடுத்து எதில் ஒட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இரும்பு.

“காக்காய எடுத்துடாத தாயி. அத எடுத்துட்டா, எம்பொண்ணு எப்படிச் செத்தான்னு நான் நெனச்சுப் பாக்கணும்ல.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அழுதுகொண்டே வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

குக்கர் ரப்பர், ரின் சோப்பு, டியூப்லைட் ஸ்டார்ட்டர் வாங்க வேண்டும்.

காலையில் பல் தேய்க்கும்போது அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. நசுங்கின ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத்தான் மணிமொழி பிடிக்கும். சோற்றை உருட்டாது, அப்படியே பரப்பும். ஒரு காக்காய் மட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து உட்காரும்.

இதை எனக்கு யார் சொன்னது? கற்பகமா, பால்காரரா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்ன மாதிரி இல்லை. பார்த்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

கோட்டாட்சியர் அலுவலகத்தில் வெளி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கதவுக்குத் தடுப்பு மட்டும்தான், உள்ளே பேசுவது காதில் விழும். எனக்கு முன்னால் கற்பகம், பால்காரர், மில் கணக்கர், தையல்நாயகி அம்மாள். ஒவ்வொருத்தரும் உள்ளே போனார்கள். ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் நானே பேசினேன். முன்னோருக்கு இல்ல. சாமிக்கு இல்ல. பால்காரர் திக்கித் திக்கிப் பேசுகிற மனுஷர். இந்த இடம் வந்ததும் தடங்கலே இல்லாமல் போனது. அந்த நிறுத்தம் வந்தபோதெல்லாம் பெஞ்சில் இருந்தவர்கள் மூச்சை அடக்கினார்கள். நானும்தான். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

செழியன் எதிரே நின்றுகொண்டு என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார்.

என் முறை வந்தது. அதிகாரி ஒரு அம்மா, தன்மையாகத்தான் பேசினார். இத்தனை மேடை ஏறியவளுக்கு அங்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துப் பேசினேன். அது கற்பனை மேடம் என்றேன். அப்படியானால் இத்தனை பேர் எப்படி ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று கேட்டார். தெரியலை என்றேன். யாராவது சொல்லி, நீங்கள் மறந்திருக்கலாமா என்று கேட்டார்.

இருக்கலாம் என்றேன்.

இருக்கலாம்தானே? தட்டு எனக்கு எப்படித் தெரிந்தது? நான் பொய் சொல்லவில்லை. அவர் எழுதி நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். வெளியே தேன்மொழி நின்றது. சொல்லிட்டீங்களா என்று கேட்டது. சொல்லிட்டேன் என்றேன். அது என் முகத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தது.

மார்ச் 23, ஞாயிறு

தேன்மொழி காலையில் போன் பண்ணியது. யாழினியை ஒரு நாள் அழைத்துப்போகக் கேட்டால் செழியன் அனுப்பமாட்டேன் என்கிறாராம். நான் கூட வந்தால் மரியாதைக்காவது அனுப்புவார் என்றது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு முடியாது என்பது? போனேன்.

தெரு முனை திரும்பும்போதே இரைச்சல். செழியன் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கக் காக்காய். இத்தனை நாள் அந்தத் தெருவில் இத்தனை காக்காய் நான் பார்த்ததில்லை. நடுவில் யாழினி. ஒரு ஸ்டூல்மேல் ஏறி, சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, சோறு பரப்பிக்கொண்டிருந்தது. பின்னால் செழியன். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

கற்பகம் கடை வாசலில் நின்றபடி, தினமும் போடுதுக்கா, அவங்கம்மா மாதிரியே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேன்மொழி மரமாக நின்றுவிட்டது.

எனக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை, முகம் தேடவில்லை, எதுவும் செய்யவில்லை. தெரு நடுவில் நின்று கத்தினேன்.

“உங்கம்மா காக்காய்க்குச் சோறு வெச்சதே இல்ல. நான் பொய் சொன்னேன். கீழ இறங்கு சாமி.”

வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். காக்காய்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. யாழினி மட்டும் அசையவில்லை. மேலேயிருந்து என்னைப் பார்த்து, தப்பாகச் சொல்கிற டீச்சரைத் திருத்துகிற மாதிரி, நிதானமாகச் சொன்னது.

“வெச்சாங்களே. அன்னைக்கும் வெச்சாங்க. அப்பா பின்னாடி நின்னாங்க.”

மில்லில் இருந்ததாகத்தானே அந்த ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறார். கற்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். செழியன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அதற்குள் தேன்மொழி செருப்பை உதறிவிட்டு ஓடியது, மாடிப்படியில் அது ஏறின வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தேன்மொழி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டது.

ஆட்டோவில் வரும்போது எனக்கு ஒரே யோசனை. அந்தப் பிள்ளை சொன்னது அன்றைக்குப் பார்த்ததா, இந்தப் பத்து நாளாக மாடியில் பார்ப்பதா? இப்போது அம்மா இடத்தில் அது நிற்கிறது, பின்னால் அதே அப்பா. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

யாழினி தெருவில் சொன்னதைக் கேள்விப்பட்டு, அதிகாரி அம்மா பிள்ளையை நாளைக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். தேன்மொழி இன்றைக்கே யாழினியோடு வந்து நின்றது.

“அங்க போயி வாயடைச்சு நின்னுட்டா எல்லாம் போச்சு மேடம். செழியன் மாமா வக்கீலோட வர்றாராம். உங்களுக்கு இதுதானே தொழிலு. தெளிவா, தைரியமாப் பேசச் சொல்லிக்குடுங்க.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதன் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை. யாழினியை என் முன்னால் உட்காரவைத்து, சொல்லு கண்ணு, உனக்கு என்ன தெரியுமோ சொல்லு என்றேன். எப்படி நிற்பது, யாரைப் பார்ப்பது, எதையும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

பிள்ளை பாயிலிருந்து எழுந்து நேராக நின்றது. என் முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. “அம்மாவுக்கு ஒரு பழக்கம்” என்று ஆரம்பித்தது. “காக்காய்க்குச் சோறு வெப்பாங்க. அன்னைக்கும் வெச்சாங்க.” நிறுத்தியது. எனக்கு எண்ணவே வேண்டியிருக்கவில்லை. “அப்பா பின்னாடி நின்னாங்க.”

தேன்மொழி சுவரில் சாய்ந்து அழுதது. நல்லாச் சொல்றா மேடம், இப்படியே சொல்லிட்டாப் போதும் என்றது. எனக்குத்தான் பயம். நடந்ததைத்தான் சொல்கிறதோ என்னவோ. இதுதான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப்போகிறதோ என்னவோ. ஆனால் கேட்கிறவர்கள் காதில் விழப்போவது என் குரல்.

யாழினி கிட்டத்தில் வந்து என் முழங்காலில் கை வைத்தது.

“அம்மா என்ன கலர் புடவை கட்டியிருந்தாங்கன்னு சொல்லணும் ஆன்டி?”

மாம்பழக் கலர் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, கரையோடு. பல்லைக் கடித்துக்கொண்டேன். உனக்கு ஞாபகம் இருந்தால் சொல்லு கண்ணு, இல்லாவிட்டால் தெரியலை என்று சொல்லிவிடு, அது தப்பே இல்லை என்றேன்.

பிள்ளை யோசித்தது.

“தெரியலைன்னு சொன்னா கைதட்டுவாங்களா?”